பெட்டோனிக்குப் புதிதாக வந்த தங்கச்சிக்கு

தங்கச்சி, நீங்கள் கேட்டது இது: நியூசிலாந்தின் வெலிங்டனுக்கு வந்து மூன்று கிழமை. பெட்டோனியில் கடற்கரைக்குக் கிட்ட வாடகை வீடு. நீங்கள், கணவர், இரண்டு வயது மகன், மாமி. நிலநடுக்கத்துக்கு ஆயத்தமாக இருங்கள் என்று பக்கத்து வீட்டுப் பெண் சொல்லியிருக்கிறார். கடையில் அவசரப் பை என்று கட்டி விற்கிறார்களே, அதில் நான்கு வாங்கி வைத்தால் போதுமா அக்கா?

போதாது. அந்தப் பைகளில் ஆளுக்குக் கொஞ்சத் தண்ணீரும், ஒரு டோர்ச்சும், மினுங்கும் போர்வை ஒன்றும், கொஞ்சம் பிஸ்கற்றும் இருக்கும். காசை மிச்சம் பிடியுங்கள். வேண்டியதில் பாதி உங்கள் வீட்டிலேயே கிடக்கிறது.

இதை நான் திருகோணமலை உவர்மலையில் அம்மாவின் வீட்டு விறாந்தையில் இருந்து எழுதுகிறேன். லீவில் வந்து பத்து நாள். கச்சான் காற்று வீசுகிறது, கிணறு நன்றாக இறங்கிவிட்டது. அம்மாவின் அலுமாரிக்கு மேலே ஒரு பச்சை ரெக்சின் பை இன்னும் இருக்கிறது. நீங்களும் திருமலைப் பிள்ளை, அப்படி ஒரு பை உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும். நேற்று அதை இறக்கித் தூசு தட்டினேன். காணி உறுதி, பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள், ஒரு சீலை, ஒரு சாரம், துவாய், நெருப்புப்பெட்டி. உறுதியைச் சுற்றி மூன்று படை பொலித்தீன், ஒவ்வொரு படைக்கும் ஒரு றப்பர் பான்ட். 1990 இல் சண்டைக்குப் பயந்து நாங்கள் வீட்டை விட்டு ஓடியபோது அம்மாவின் தோளில் இருந்தது இதுதான்.

அந்தப் பையில் ஒருநாளும் தண்ணீர் இருந்ததில்லை. எந்தக் கோயிலில் போய்ப் படுத்தாலும், எந்தப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினாலும், பின்வளவில் ஒரு கிணறு இருந்தது. வெலிங்டனில் கிணறு இல்லை. இதைத்தான் நான் வந்து பல வருடம் விளங்காமல் இருந்தேன். பை கட்டத் தெரியும், எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம் என்று நினைத்தேன். எங்களுக்குத் தெரிந்தது ஓடுவதற்குப் பை கட்ட. அங்கே முதலில் தேவைப்படுவது, குழாயில் தண்ணீர் வராத, லொறி வராத, கக்கூஸ் வேலை செய்யாத வீட்டில் நான்கு பேர் ஒரு கிழமை இருப்பதற்கான சாமான்.

காரணம் சொல்கிறேன். வெலிங்டன் பிளவு என்று சொல்லும் நிலப்பிளவு, உங்கள் பெட்டோனி இருக்கும் ஹட் பள்ளத்தாக்கின் மேற்கு ஓரமாகவே போகிறது. நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் பெரிய குழாய்கள் அந்தப் பிளவைக் கடந்துதான் வருகின்றன. நிலம் விலகினால் குழாய் முறியும், திருத்த வாரக்கணக்கில் ஆகும். மலை சரிந்தால் வெளியே போகும் வீதிகளும் அடைபடும். அதனால்தான் அந்தப் பிராந்தியத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 20 லீட்டர், 7 நாளைக்குச் சேமியுங்கள் என்று சொல்கிறார்கள். உங்கள் வீட்டுக்கு 560 லீட்டர்.

பயப்படாதீர்கள், ஒரே நாளில் சேர்க்க வேண்டியதில்லை. சோடா, ஜூஸ் வந்த இரண்டு லீட்டர் பிளாஸ்டிக் போத்தல்களை எறியாமல் சுடுநீரில் கழுவி, குழாய்த் தண்ணீரைக் கழுத்துவரை நிரப்பி, திகதி எழுதி இருட்டான தட்டில் வையுங்கள். வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். பால் வந்த போத்தல் வேண்டாம், எவ்வளவு கழுவினாலும் பால் ஒட்டியிருக்கும், தண்ணீர் பழுதாகும். குடிக்கவும் சமைக்கவும் இது. மிச்சத்துக்குக் கூரைத் தண்ணீர் பிடிக்கும் 200 லீட்டர் தாங்கி ஒன்றை வீட்டுக்காரரிடம் கேட்டு வையுங்கள். அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டி வந்தால் கொதிக்க வைக்க வேண்டும். அடுப்பு இல்லையென்றால் 10 லீட்டருக்கு அரைத் தேக்கரண்டி வாசனையில்லாத வெறும் பிளீச் விட்டு, அரை மணித்தியாலம் பொறுத்துக் குடிக்கலாம்.

20 லீட்டர் கூடுதல் என்று தோன்றும். நாங்கள் கழுவுகிற ஆட்கள். கடதாசியால் துடைத்துக்கொண்டு மாமியால் ஒரு கிழமை இருக்க முடியுமா? அந்தத் தண்ணீரையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

அதோடு வருவதுதான் கக்கூஸ். இதைப் பேச எங்கள் ஆட்களுக்குக் கூச்சம். 2011 பெப்ரவரி 22 இல் கிறைஸ்ட்சேர்ச்சில் 185 பேர் இறந்த நிலநடுக்கத்துக்குப் பிறகு, கழிவுக் குழாய்கள் உடைந்து, நிலத்துக்குள் இருந்து சேறு பொங்கி, பல வீடுகளில் மாதக்கணக்கில் கக்கூசில் தண்ணீர் ஊற்றவே முடியாமல் போனது. அதன் பிறகு பரவிய முறை இரண்டு வாளி. மூடியுள்ள பெரிய வாளி இரண்டு, ஒன்று சிறுநீருக்கு, மற்றது மலத்துக்கு. இரண்டையும் கலக்காவிட்டால் நாற்றம் பெரிதாக வராது. மலவாளிக்குள் ஒவ்வொரு முறையும் மரத்தூளோ கிழித்த கடதாசியோ ஒரு கைபிடி போடுங்கள். கழுவுகிற தண்ணீர் அந்த வாளிக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு சுலபம். சமைக்காமல் சாப்பிடக்கூடியதும் உங்கள் வீட்டில் வழக்கமாகச் செலவாவதுமான சாமான் போதும்: டின் மீன், அவல், பேரீச்சம்பழம், பிஸ்கற், மகனுக்குச் சத்துமா. டின் கட்டர் ஒன்று. காஸ் குக்கர் வைத்திருந்தால் வெளியே வைத்து மட்டும் மூட்டுங்கள், வீட்டுக்குள் மூட்டினால் அதிலிருந்து வரும் நச்சு வாயு ஆளைக் கொல்லும். மாமியின் சீனி வருத்தத்துக்கும் பிரஷருக்கும் உள்ள குளிசை ஒரு கிழமைக்கு மேலதிகமாக இருக்கட்டும். கரண்ட் இல்லாவிட்டால் கடையில் கார்ட் வேலை செய்யாது, சின்னத் தாள்களாகக் கொஞ்சக் காசு வையுங்கள். பற்றரி ரேடியோ ஒன்றும் வேண்டும்.

அப்புறம், கட்டில். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். 2016 நவம்பர் 14, நள்ளிரவு தாண்டி இரண்டு நிமிடம். தெற்குத் தீவில் கைகோராப் பக்கம் 7.8 அளவில் நிலம் அதிர்ந்தது. வெலிங்டனில் என் வீடு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆடியது. குசினித் தட்டில் இருந்த கண்ணாடிப் போத்தல்கள் எல்லாம் நிலத்தில். அம்மா வறுத்து இடித்து அனுப்பிய மிளகாய்த்தூள் போத்தலும் அதில் ஒன்று. கரண்ட் போய்விட்டது. மகளிடம் ஓட வேண்டும் என்ற அவசரத்தில் வெறுங்காலோடு குசினியைக் கடந்தேன். கண்ணாடி உள்ளங்காலில் ஏறியது, அந்த வெட்டுக்குள் தூளும் போனது. சுனாமி எச்சரிக்கை என்று எல்லோரும் மேட்டுக்குப் போகத் தொடங்க, நான் காலில் துவாயைக் கட்டிக்கொண்டு மகளின் தோளைப் பிடித்து நொண்டினேன். அவளுக்கு அப்போது ஒன்பது வயது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒவ்வொரு கட்டில் காலிலும் ஒரு துணிப்பை கட்டியிருக்கிறது. உள்ளே ஒரு சோடி பழைய சப்பாத்து, டோர்ச், மூக்குக்கண்ணாடி. வேறு எதைச் செய்யத் தள்ளிப்போட்டாலும் இதை இன்றிரவே செய்யுங்கள். தலைமாட்டுக்கு மேலே கண்ணாடி போட்ட சாமிப்படம் மாட்டியிருந்தால் இறக்கித் தாழ்வான தட்டில் வையுங்கள். குத்துவிளக்கும் உயரத்தில் வேண்டாம். அதிர்ச்சிக்குப் பிறகு காஸ் கசிந்திருக்கலாம், விளக்கோ மெழுகுதிரியோ கொளுத்த வேண்டாம், டோர்ச் மட்டும்.

அலுமாரிகளைச் சுவரோடு இரும்புத் துண்டு வைத்து இறுக்குங்கள். வாடகை வீட்டில் ஆணி அடிக்க விடுவாரா என்று யோசிப்பீர்கள். எழுத்தில் கேளுங்கள். 2021 பெப்ரவரியிலிருந்து இப்படியான சின்ன மாற்றங்களை வீட்டுக்காரர் மறுக்க முடியாது, 21 நாளுக்குள் பதில் தரவும் வேண்டும். வெந்நீர்த் தாங்கி பட்டி போட்டு இறுக்கியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அது விழாமல் நின்றால் உள்ளே இருக்கும் தண்ணீரும் உங்களுக்கு உதவும்.

ஆடும்போது வெளியே ஓடாதீர்கள். எங்களுக்குச் சத்தம் கேட்டால் ஓடித்தான் பழக்கம், ஆனால் அங்கே ஓடுகிறவர் மேல்தான் கூரை ஓடும் கண்ணாடியும் விழும். மேசைக்குக் கீழே குனிந்து, தலையை மறைத்து, மேசைக்காலைப் பிடியுங்கள். மகனை உங்களுக்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டம் நின்ற பிறகுதான் அம்மாவின் பச்சைப் பையைப் போல ஒன்று உங்களுக்குத் தேவைப்படும், ஏனென்றால் நீங்கள் கடற்கரையில் இருக்கிறீர்கள். 2004 டிசம்பர் 26 இல் சுமாத்திராவுக்குப் பக்கத்தில் நிலம் அதிர்ந்தபோது இங்கே எங்கள் வீட்டில் ஒரு கிண்ணம்கூட அசையவில்லை. ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் கழித்துக் கடல் வந்தது. நிலாவெளியிலும் கிண்ணியாவிலும் யாருக்கும் ஒன்றும் தெரியாது. அந்த நினைவோடு வளர்ந்த எங்களுக்கு, யாராவது அறிவித்தால்தான் ஓடலாம் என்று மனம் சொல்லும். பெட்டோனியில் அப்படி இருந்துவிடாதீர்கள். பக்கத்திலேயே பிளவு இருந்தால் அலை சில நிமிடங்களில் வரலாம். ஒரு நிமிடத்துக்கு மேல் ஆடினாலோ, எழுந்து நிற்க முடியாத அளவு ஆடினாலோ, அந்த ஆட்டமே அறிவிப்பு. போனில் வரும் எச்சரிக்கைக்கும் காத்திருக்க வேண்டாம். நால்வரும் கோரோகோரோ மேட்டுப்பக்கம் நடவுங்கள், காரில் போகாதீர்கள், வீதி அடைபடும். பாஸ்போட், விசாக் கடிதம், குளிசை, ஒரு போத்தல் தண்ணீர், மகனுக்கு ஒரு மாற்றுடுப்பு. அதற்கு மேல் எதுவும் தேட வேண்டாம். கடதாசிகளுக்கு மூன்று படை பொலித்தீன் சுற்றிவிடுங்கள்.

இந்த ஞாயிறு மாமியையும் கூட்டிக்கொண்டு அந்த மேட்டுக்கு ஒருமுறை நடந்து பாருங்கள். அவருக்கு எத்தனை நிமிடம் எடுக்கிறது, எங்கே இளைக்கிறது, மகனை யார் தூக்குவது என்று தெரிய வேண்டும். மகனின் வண்டிலைத் தள்ள முடியாத படிக்கட்டு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

நான் இன்னும் மூன்று கிழமையில் திரும்பிவிடுவேன். வந்த சனிக்கிழமையே வாளி இரண்டும் வாங்கிக்கொண்டு வருகிறேன், இருந்து எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்துவோம். உங்களுக்கும் ஒரு போத்தல் தூள் இடித்துத் தருவதாக அம்மா சொல்கிறா. பிளாஸ்டிக் போத்தலில்தான் போடச் சொல்லியிருக்கிறேன்.