கேரளா, பீகார்: வாழ்க்கைத் தரத்தை எதை வைத்து ஒப்பிடுவது?

இந்த இரண்டு மாநிலங்களின் வாழ்க்கைத் தரத்தை ஒப்பிடத் தனிநபர் வருமானம் மட்டும் போதுமா? போதாது. வளைகுடாவிலிருந்து வீட்டுக்கு வரும் பணம் தனிநபர் வருமானத்துக்கு அடிப்படையான, கேரளத்தின் மாநில உற்பத்திக் கணக்கில் ஏறாது. ஆனால் பல குடும்பங்கள் வீடு கட்டுவதும் பிள்ளைகளைப் படிக்க வைப்பதும் அதில்தான். பஞ்சாப், டெல்லிக்கு ஆள் அனுப்பும் பீகாருக்கும் இது பொருந்தும்.

முதலில் பார்க்க வேண்டியது ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் உயரம். எடை ஒரு வயிற்றுப்போக்கில் குறைந்து, மறுபடி ஏறிவிடும். உயரம் அப்படியல்ல, சாப்பாடு, குடிநீர், கழிப்பறை, தாயின் உடல்நலம் என நெடுநாள் குறையெல்லாம் அதில் பதிந்துவிடும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தைகள் பீகாரில் சுமார் 43 சதவீதம், கேரளத்தில் 23. கேரளத்தின் 23-ம் சின்ன எண் இல்லை.

அடுத்து, 20-24 வயதுப் பெண்களில் 18 வயதுக்கு முன்பே திருமணமானவர்கள்: பீகாரில் 41 சதவீதம், கேரளத்தில் 6.

வேலை விஷயத்தில் கேரளமும் திணறுகிறது. படித்த இளைஞர்கள் வெளியேறுவது அதனால்தான்.

மாநில சராசரியோடு நின்றுவிடாதீர்கள். பீகாரின் தலைநகர் பாட்னாவும் அங்குள்ள பின்தங்கிய மாவட்டமான அராரியாவும் ஒன்றல்ல. கேரளத்தின் பழங்குடிப் பகுதியான அட்டப்பாடியும் எர்ணாகுளமும் ஒன்றல்ல. அதே ஆய்வின் மாவட்ட அறிக்கைகள் இலவசமாகவே கிடைக்கின்றன.