கூரையில ஒரு கண்ணாடி: அட்டன் குஷன் பாஸிடம் கேட்டவை

நான் மலைநாட்டு அட்டன்ல வண்டி சீட்டுக்குக் குஷன் வேலை செய்யிற ஆள். கூடவே, வண்டிக்குள்ள தண்ணி எங்கிருந்து வருதுன்னு தேடிப் பிடிக்கிற வேலையும். இருபத்திரண்டு வருசமாச்சு. சன்ரூஃப், அதான் கூரையில திறந்து மூடுற கண்ணாடி, உள்ள கார் வாங்கலாமான்னு போன வாரம் ஒருத்தர் கேட்டதுக்கு, "மலையில இருக்கிறவங்க யோசிச்சு வாங்குங்க"ன்னு ஒரு வரி சொன்னேன். அதுக்கு இவ்வளவு கேள்வி. இன்னைக்கு ஞாயிறு, கடை பூட்டு, வெளிய மழை. தெரிஞ்சதைச் சொல்றேன். எஞ்சின், கியர் கேள்வி வேணாம், அது என் கைவேலை இல்ல.

கொட்டகலை ஆசிரியர்: பாஸ், ஒரே மொடல், ஒரே வருசம், ரெண்டு கார் பார்த்து வச்சிருக்கேன். ஒன்னுல சன்ரூஃப் இருக்கு, விலை மூணு லட்சம் கூட. பிள்ளைங்க அதைத்தான் கேக்குதுங்க. குடுக்கலாமா?

சேர், காரை எங்க நிறுத்துவீங்க? தகரக் கூரைக்குக் கீழயா, தேயிலைக்கு நடுவில நிழலுக்கு நிக்கிற சவுக்கு (சில்வர் ஓக்) மரத்துக்குக் கீழயா? பதில் பாதி அதுலதான் இருக்கு.

கண்ணாடியைச் சுத்தி ரப்பர் இருக்கே, அது தண்ணிய முழுசா நிறுத்தும்னு எல்லாரும் நினைக்கிறாங்க. அது நிறுத்தாது, நிறுத்துறதுக்காகப் போட்டதும் இல்ல. கொஞ்சம் தண்ணி உள்ள வரும்னு தெரிஞ்சேதான் செய்திருக்காங்க. வர்ற தண்ணி கண்ணாடிக்குக் கீழ சுத்திவர இருக்கிற பீலியில விழும். பீலியோட நாலு மூலையிலும் பென்சில் தடிப்புல ஒவ்வொரு குழாய். முன் ரெண்டும் முன் கண்ணாடி ஓரத் தூணுக்குள்ள இறங்கி கதவுக் கீல் பக்கமோ மட்காட்டுக்குள்ளயோ தண்ணிய விடும். பின் ரெண்டும் பின் டயர், பம்பர் பக்கம். நம்ம வீட்டுத் தகரக் கூரையில பீலி போட்ட மாதிரிதான் கணக்கு. அதுல இலை அடைச்சா தண்ணி எங்க போகும்? சுவர்ல இறங்கும். கார்ல சுவர் இல்ல, உங்க தலைக்கு மேல துணி, காலுக்குக் கீழ கம்பளம், கம்பளத்துக்குக் கீழ வயர்.

வட்டவளையில வருசத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல மழை. கொழும்புல அதுல பாதி. அங்க பத்து வருசம் அடைக்காம ஓடுற குழாய் நம்ம பக்கம் ரெண்டு மழைக்காலம் தாங்கினா பெருசு. சவுக்கு இலை பாருங்க, சீப்பு மாதிரி பிரிஞ்சு, காஞ்சா தூளாகி, நேரா அந்தக் குழாய் வாய்க்குள்ள போய் உக்காரும்.

ஆனா ஞாயத்தையும் சொல்லணும். கண்ணாடியைத் திறந்துவிட்டு ஓட்ட இந்த நாட்டுல உருப்படியான இடம்னா அது மலைதான். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். ஜனவரி, பெப்ரவரி காலையில வெயில் விழும்போது திறந்தா உடம்புக்கு இதமா இருக்கும். கொழும்புல திறந்தா மண்டை வெந்துரும், திரையை மூடிட்டு ஏசி போடுவாங்க. வருசத்துக்கு ரெண்டு தடவை குழாயைப் பார்க்க மனசு இருந்தா வாங்குங்க. "சர்விஸ்காரன் பார்ப்பான்"னு விடுற ஆளுன்னா மூணு லட்சத்தை மிச்சம் பிடிங்க. நீங்க உயரமான ஆளா? அப்படின்னா உக்காந்து பார்த்துட்டு முடிவு எடுங்க. கண்ணாடி உள்ள போற ரெயிலுக்காகக் கூரைத்துணி ரெண்டு விரல் கீழ இறங்கியிருக்கும்.

பண்டாரவளைத் தங்கச்சி: அண்ணே, பழைய வண்டி. ஒழுகியிருக்கான்னு வாங்க முந்தியே எப்படிக் கண்டுபிடிக்கிறது?

நல்ல கேள்வி. 2020 மார்ச்சில நின்ன வாகன இறக்குமதி, சொந்தக் காருக்கு 2025 பெப்ரவரியிலதான் திறந்துச்சு. அதனால இப்ப கை மாறுற வண்டியில நிறைய வயசானது. ரப்பருக்கும் அதே வயசு.

மழை பெஞ்ச மறுநாள் போங்க. கதவைத் திறந்ததும் மூக்கை நம்புங்க. ஈரச் சாக்கு நாத்தம் வந்தா மேல பேச வேணாம். வாசனைத் திரவம் நாலு தொங்கினாலும் சந்தேகம்தான். கூரைத்துணி மூலையில தேத்தண்ணி சிந்தின மாதிரி வளையம் இருக்கான்னு பாருங்க. சீட் பெல்ட்டை முழுசா இழுத்து அடிப்பகுதியைப் பாருங்க. அங்க பூஞ்சணம் இருந்தா தூண் வழியா தண்ணி இறங்கியிருக்கு. கால்மிதியை மட்டும் தூக்கிப் பார்த்துட்டு விட்டுறாதீங்க, அதுக்குக் கீழ இருக்கிற கம்பளத்தையும் அழுத்துங்க. மேல காஞ்சிருக்கும், கீழ ஸ்பொஞ்ச் நனைஞ்சிருக்கும்.

ஒரு ஜீப் வந்துச்சு. "ஏதோ நாத்தம், எலி செத்திருக்கும், பாருங்க"ன்னாங்க. இடது முன் சீட்டைக் கழட்டிக் கம்பளத்தைத் தூக்கினா, ஸ்பொஞ்சுக்கும் தகரத்துக்கும் நடுவில பயறு முளைச்சு நிக்குது. வெள்ளைத் தண்டு, ரெண்டு ரெண்டு இலை. எப்பவோ கடைச்சாமான் பையிலருந்து சிந்தினது. அந்த ஸ்பொஞ்சைப் பிழிஞ்சு அரை வாளி தண்ணி எடுத்தேன்.

ஹைப்ரிட், அதான் பெற்றோலும் மின்சாரமும் சேர்ந்து ஓடுற கார், வாங்கினா பின்பக்கத்தையும் விடாதீங்க. நிறைய ஹைப்ரிட்ல பெற்றரி பின் சீட்டுக்குக் கீழ, இல்ல பின்னால இருக்கு. பின் குழாய் அடைச்சா தண்ணி போற இடமும் அந்தப் பக்கம்தான்.

கொழும்பிலிருந்து ஒருவர்: பெரிய பனோரமா கண்ணாடி வெயிலுக்கு சூடாகுமா?

ஆகும். மேல சொல்லிட்டேன்.

வட்டவளை அண்ணன்: டவுன்ல நிறுத்தினா ஒன்னும் இல்ல. வீட்டுல நிறுத்தினா மட்டும் ரூம் லைட் பக்கம் சொட்டுது. பேய் வேலை மாதிரி இருக்கு பாஸ்.

வீட்டுப் பாதை இறக்கமா? மூக்கு கீழ பார்த்துத்தானே நிறுத்துறீங்க? அப்ப பேய் இல்ல, சாய்வு. சமதரையில நாலு குழாயும் பங்கு போட்டுக்கும். மூக்கு கீழ இருந்தா பீலித் தண்ணி பூராவும் முன்னுக்கு ஓடும், பின் ரெண்டும் சும்மா. முன்னுக்கு ஒன்னு அடைச்சிருந்தா மத்த ஒன்னே எல்லாத்தையும் சுமக்கணும். தாங்காம பீலி விளிம்பு தாண்டி லைட் ஓட்டை வழியா வருது.

கண்ணாடியைத் திறந்து முன் மூலைக் குழியில அரை டம்ளர் தண்ணி மெதுவா ஊத்துங்க. கீழ டயர் பக்கம் ஒரு ஆள் நிக்கட்டும். ஊத்தின வேகத்துக்குக் கீழ வரணும். தேங்கி நின்னா அடைப்பு. புல்லு வெட்டுற மெஷினுக்குப் போடுற நைலோன் நூல் இருக்கே, தோட்டத்துல எல்லார்கிட்டயும் இருக்கும், அதோட நுனியை லைட்டர்ல காட்டி உருண்டையாக்கிட்டு மேலருந்து மெல்ல விடுங்க. நுனி கூரா இருந்தா குழாயைக் குத்திரும்.

காத்து மட்டும் அடிக்காதீங்க. டயர் கடை கொம்பிரசர் பக்கத்துலதானே இருக்குன்னு நான் ஒரு தடவை அடிச்சேன். தொழிலுக்கு வந்த புதுசு. உள்ள குழாய் மூட்டிலருந்து கழண்டு தூணுக்குள்ள விழுந்துச்சு. கூரைத்துணி முழுக்க இறக்கித்தான் மாட்ட முடிஞ்சது. ரெண்டு நாள் வேலை, ஒரு சதம் வாங்கல.

மஸ்கெலியா தம்பி: அண்ணே, வேகன் ஆர் கூரையை வெட்டி சன்ரூஃப் போட்டுத் தருவீங்களா? எவ்வளவு வரும்?

மாட்டேன். கூரைத் தகரத்துக்குக் கீழ குறுக்குச் சட்டம் இருக்கு, வண்டி உருண்டா ஆளைக் காக்குற கூட்டுல அதுவும் ஒரு துண்டு. ஓரத்துல திரை மாதிரி விரியிற எயார்பேக் இருந்தா அதோட வயரும் அங்கதான். காப்புறுதிக்காரனுக்குச் சொல்லாம வெட்டினா, பிறகு அடிபட்டுப் போய் நிக்கும்போது உனக்குச் சிக்கல். அந்தக் காசுக்கு நாலு நல்ல டயர் போடு தம்பி.

நோர்வூட்: சன்ரூஃப் ஒழுகுது. சிலிக்கன் அடிச்சா சரியாகுமா?

ஆகாது. ஒழுகுறது ரப்பரால இல்ல, அடைச்ச குழாயால. மேல பாருங்க.

ஹப்புத்தளை: பிரியஸ்ல சோலார் போட்ட சன்ரூஃப் இருக்குன்னு சொல்றாங்க. பெற்றரி சார்ஜ் ஆகுமா?

2009ல வந்த மூணாம் தலைமுறை டொயோட்டா பிரியஸ் ஹைப்ரிட்ல அது ஒரு ஒப்ஷன். அந்த சோலார் காரை ஓட்டாது, பெரிய பெற்றரியையும் நிரப்பாது. வெயில்ல நிக்கும்போது காத்தாடியைச் சுத்தி உள்ள இருக்கிற சூட்டை வெளிய தள்ளும், அவ்வளவுதான். ஹப்புத்தளைக் காத்துக்கு அது உங்களுக்கு எதுக்கு?

பொகவந்தலாவை: பாஸ், சிலிக்கன் பத்தி...

கையெடுத்துக் கும்பிடுறேன். சிலிக்கன் அடிச்சா கண்ணாடி திறக்காது, திறக்கிற மோட்டார் எரியும், தண்ணி வேற வழி தேடும். அதைச் சுரண்டி எடுக்க நான் கேக்குற கூலி, குழாய் சுத்தம் பண்றதுக்கு வாங்குறதைப் போல மூணு மடங்கு. அடிச்சிட்டுத்தான் வருவேன்னா வாங்க, எனக்கு நட்டமில்ல.

எல்ல சுற்றுலாச் சாரதி: நீங்க சொல்றதெல்லாம் வீட்டுக் காருக்கு. நான் ஹயர் ஓடுறவன். எல்லயிலருந்து நுவரெலியா போற வழியில வெள்ளைக்காரங்க எழும்பி நின்னு வீடியோ எடுக்கத்தான் என் வண்டியைக் கேட்டு வாறாங்க. எனக்கு சன்ரூஃப் காசு தருது.

காசு தரட்டும். ஓடுற வண்டியில ஆளை நிக்க விடாதீங்க.

சாரதி: 30க்கு மேல போக மாட்டேன் பாஸ்.

30ன்னா ஒரு விநாடிக்கு 8 மீற்றருக்கு மேல. வெலிமடைப் பக்கம் வளைவுல நாய் குறுக்க வந்தா பிரேக் அடிப்பீங்க. உங்களுக்கு பெல்ட் இருக்கு. மேல நிக்கிறவருக்கு? விலா எலும்புல இடிக்கிற தகர விளிம்புதான் பெல்ட்.

வெலிமடையிலிருந்து ஒருவர்: சரியாச் சொன்னீங்க. எங்க வீட்டு முன்னால ரோட்டுக்குக் குறுக்க வயர் தொங்குது. லொறிக்காரனே குனிஞ்சு பார்த்துத்தான் போறான்.

சாரதி: ரயில் ஃபுட்போட்ல தொங்கிப் படம் எடுக்கிறாங்களே, அதை யாரு கேக்குறா?

தொங்கி விழுந்தவங்களும் இருக்காங்க. அது உங்களுக்கும் தெரியும், எல்லக்காரர்.

சாரதி: வேணாம்னு சொன்னா மூஞ்சி சுருங்குது, பிறகு ஒரு ஸ்டார் குறைச்சுப் போடுறாங்க. பிள்ளைக்கு ஸ்கூல் பீஸ் கட்டுறது அந்த ஸ்டார்லதான் பாஸ்.

அது நெசம். உங்க கஷ்டம் புரியாம பேசல. ஆனா இப்படிச் செய்யலாம்ல? காட்சி நல்லா இருக்கிற இடத்துல ஓரமா ஒதுக்குங்க, ஹேண்ட் பிரேக் போடுங்க, எஞ்சினை நிறுத்துங்க, செருப்பைக் கழட்டச் சொல்லுங்க, ஏறி நிக்கட்டும். வீடியோவும் ஆடாம வரும். ஓடும்போது கண்ணாடியைத் திறந்துவிட்டு உக்காந்தபடியே வானத்தைப் பார்க்கட்டும்.

சாரதி: அப்ப அஞ்சு இடத்துல நிக்கணும்.

நில்லுங்க. செருப்புன்னு ஏன் சொன்னேன் தெரியுமா? ஹயர் வண்டி சீட்டுல குதிகால் பட்டு லெதர் கிழிஞ்சு, ஸ்பொஞ்ச் அமுங்கி வாறதைத் தைச்சே எனக்கு ஒரு வருமானம். அது போனாலும் பரவாயில்லைன்னுதான் சொல்றேன்.

கொட்டகலை ஆசிரியர்: இதை மகன் பக்கத்துல இருந்து வாசிச்சிட்டான். "நிக்க விடமாட்டீங்கன்னா எதுக்கு சன்ரூஃப்"னு கேக்குறான்.

அவன் கேட்டது சரி சேர். சன்ரூஃப் இல்லாத காரையே எடுங்க.

நானுஓயா: மிதமான வேகத்துல திறந்தா காதுல தப்பு மேளம் அடிக்கிற மாதிரி தும் தும்னு சத்தம். பழுதா?

பழுதில்ல. போத்தல் வாயில ஊதினா சத்தம் வருமே, அதேதான். பின் ஜன்னலை ஒரு விரல் இறக்குங்க, நிக்கும். இல்ல, கண்ணாடியை முழுசாத் திறக்காம பின்பக்கம் மட்டும் தூக்கி வைங்க.

தலவாக்கலை: சீத்தா எலிய கோயிலடியில நிறுத்தினேன். திரும்பி வந்தா சன்ரூஃப் வழியா குரங்கு இறங்கி வாழைப்பழத்தைத் தூக்கிட்டுப் போயிருச்சு. இதுக்கு என்ன வழி?

மூடிட்டுப் போறது.

மஸ்கெலியா தம்பி: கூரையை வெட்டாம மேல ஒட்டுற கறுப்பு ஸ்டிக்கர் இருக்காமே?

ஒட்டு. ஒழுகாத ஒரே சன்ரூஃப் அதுதான்.

அக்கரப்பத்தனை அக்கா: தம்பி, காலையில திறந்தா மடியில தண்ணி கொட்டுது. குழாய் அடைப்பா?

இல்லக்கா. ராத்திரிப் பனி கண்ணாடி மேல நிக்குது. திறக்கும்போது வண்டி சாய்வா நின்னா வழிஞ்சு உள்ள விழும். முதல்ல துணியால துடைச்சிட்டுத் திறங்க. அப்படியே ரப்பரையும் துடைச்சு, ரப்பருக்குன்னு விக்கிற சிலிக்கன் ஸ்ப்ரே லேசாப் போடுங்க. கிறீஸ் பூசாதீங்க, மண் ஒட்டி ரப்பரை அரிக்கும்.

நோர்வூட்: அப்ப சிலிக்கன் போடலாம்னு இப்ப நீங்களே சொல்றீங்களே?

ஐயா, அது ஸ்ப்ரே, ரப்பர் காயாம இருக்கப் போடுறது. நீங்க கேட்டது ஒட்டுற பசை. பேர் ஒன்னு, சாமான் வேற. பூசணிக்காயும் மாங்காயும் காய்தான்.

வட்டவளை அண்ணன்: பாஸ், நீங்க சொன்ன மாதிரி நூல் விட்டேன். இடது பக்கம் ஒரு முழம் போய் நின்னுச்சு. இழுத்து இழுத்து விட்டதும் டயர் பக்கம் தேயிலைச் சக்கை மாதிரி கறுப்பா ஒரு கட்டி விழுந்து, பின்னால தண்ணி சர்ருன்னு வந்துச்சு. வீட்டுக்காரி கீழ குந்தியிருந்தா, முகத்துல அடிச்சிருச்சு.

நல்லது. அவங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வலது பக்கமும் விடுங்க. பின் ரெண்டையும் மறந்துறாதீங்க.