உருகும் மண்ணிலிருந்து வாயு ஏன் வருகிறது?

கேள்வி: வட துருவப் பக்கம் உறைந்த மண் உருகுகிறது, அதிலிருந்து வாயு கிளம்புகிறது என்று டி.வி.யில் சொன்னார்கள். நாங்கள் தினமும் ஐஸ் உருகுவதைப் பார்க்கிறவர்கள். தண்ணீர்தான் வருகிறது. வாயு எங்கிருந்து வரும் ஐயா?
- மீன் விற்கும் வாசகி, காசிமேடு

பதில்: உங்கள் கூடையிலேயே பதில் இருக்கிறது அம்மா. ஐஸ் உருகினால் தண்ணீர்தான். ஆனால் ஐஸுக்கு அடியில் இருக்கும் சங்கரா? ஐஸ் இருக்கும்வரை செவுள் சிவப்பாக இருக்கும். மதியம் ஐஸ் தீர்ந்தால் சாயங்காலம் செவுள் பழுப்பாகி வாடை வந்துவிடும். அந்த மண்ணிலும் இதேதான் நடக்கிறது. செத்த பாசி, கோரை, வேர் எல்லாம் மக்கியும் மக்காமலும் அடுக்கடுக்காகச் சேர்ந்து, ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக உறைந்து கிடக்கின்றன. இப்படிச் சேர்ந்த மண்ணைப் பீட் என்பார்கள். வடக்கே உறைந்த நிலம் முழுவதிலும் இருக்கும் கார்பன், இன்று காற்றில் இருப்பதைப்போலச் சுமார் 2 மடங்கு. ஐஸ் விட்டதும் நுண்ணுயிரிகள் பந்தியில் உட்கார்ந்துவிடுகின்றன. அவை தின்று விடுவதுதான் அந்த வாயு.

நான் எண்ணூர்க்காரன். சின்ன வயதில் தண்ணீர் வற்றிய நேரம் பார்த்து, முகத்துவாரத்தில் கையால் தடவி இறால் பிடிக்கப் போவோம். கறுப்புச் சேற்றில் முழங்கால்வரை புதையும். காலை இழுத்தால் குமிழி குமிழியாக வரும். அழுகிய முட்டை வாடை அடிக்கும். கடல் தண்ணீரில் சல்பேட் என்ற கந்தக உப்பு இருப்பதால் வரும் வாடை அது. சேற்றுக்குள் காற்று இல்லாதபோது, ஒரு வகை நுண்ணுயிரி சல்பேட்டை வைத்துப் பிழைத்து ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயுவை விடுகிறது. வடக்கத்திப் பீட் நிலத்தில் பெரும்பாலும் மழைத் தண்ணீரும் பனித் தண்ணீரும்தான். சல்பேட் மிகக் குறைவு. அங்கே கடைசிப் பந்திக்கு வருவது மீத்தேன் என்ற வாயுவை உண்டாக்கும் நுண்ணுயிரிக் கூட்டம். மீத்தேனுக்கு வாடையே கிடையாது. மூக்கை நம்பினால் ஒன்றும் தெரியாது.

உருகிய மண் காய்ந்து கிடந்தால் கரியமில வாயுதான் அதிகம் போகும். தண்ணீர் தேங்கினால் மக்குவது மெதுவாகும், ஆனால் மீத்தேன் வரும். டன்னுக்கு டன் பார்த்தால், 100 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு சூடாக்குவது அது. ஸ்வீடனின் வடகோடியில் அபிஸ்கோ பக்கம் ஸ்டோர்டாலன் என்றொரு சதுப்பு நிலம். அங்கே உறைந்த மேடுகள் உள்ளே இருக்கும் ஐஸ் கரைந்து உட்கார்ந்துவிடுகின்றன. பள்ளத்தில் தண்ணீர் நின்று முதலில் பாசி, அப்புறம் கோரை முளைக்கிறது. கோரை வந்த இடத்தில்தான் மீத்தேன் அதிகம். ஒரு கோரைத் தண்டைக் கிள்ளிப் பாருங்கள், உள்ளே பஞ்சு மாதிரி இருக்கும். மேல் மண்ணில் மீத்தேனைத் தின்னும் பாக்டீரியாக்கள் உண்டு; அவற்றின் வாயில் சிக்காமல் இந்தத் தண்டு வழியாகவே வாயு மேலே போய்விடுகிறது.

கேள்வி: எங்கள் பக்கம் கடல் கரையைத் தின்பதற்கும் இதுதான் காரணமா?
- வாசகர், திருவொற்றியூர்

பதில்: இல்லை. அந்தப் பழியை உருகும் மண்ணின் தலையில் கட்டக் கூடாது. தெற்கேயிருந்து கரையோடு வரும் மணலைத் துறைமுகச் சுவர் தடுத்துவிட்டதுதான் அங்கே பெரிய காரணம். பூமி சூடாகிக் கடல் மட்டம் ஏறுவது அதன் மேல் சேரும் பாரம். உறைமண் ஒரே நாளில் வெடித்துவிடாது. பல பத்தாண்டுகளாக, நூற்றாண்டுகளாகக் கசியும். ஆனால் ஆயிரம் ஆண்டு சேர்ந்த பீட்டை மறுபடி சேர்க்க இன்னொரு ஆயிரம் ஆண்டு வேண்டும்.