இரும்பும் சூட்டில் விரியும், நிக்கலும் விரியும். இரண்டும் கலந்த இன்வார் மட்டும் ஏன் அவ்வளவாக விரிவதில்லை? உலைப் பக்கம் வைக்கும் அளவுக் கம்பிக்கு அது சரிப்படுமா? இப்படிக் கேட்டிருக்கிறீர்கள்.

நான் ராணிப்பேட்டை சிப்காட்டில் 18 வருடமாக லேத் ஓட்டுகிறேன். வேலூர்ப் பக்கத்துக் கத்திரி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே வேலை பார்ப்பவர்களுக்கு உலோகம் விரிவது அன்றாடத் தொல்லை. சேர்ந்த புதிதில் 100 மி.மீ. விட்டமுள்ள எஃகு ஷாஃப்ட்டைச் சூட்டோடு சூடாக மைக்ரோமீட்டரில் அளந்து, சரியாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டேன். வாங்கியவர்களின் ஏசி அறையில், 20 டிகிரியில், 35 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்றால் மி.மீ.-இல் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைந்து நின்றது. மொத்த லாட்டும் திரும்பி வந்தது. எஃகு டிகிரிக்கு, மீட்டருக்கு சுமார் 12 மைக்ரான் விரியும்; அப்படியென்றால் நான் அளந்தபோது ஷாஃப்ட் சுமார் 50 டிகிரி சூட்டில் இருந்திருக்கிறது.

அதே இடத்தில் இன்வார் இருந்திருந்தால் வித்தியாசம் 4 மைக்ரானைத் தாண்டியிருக்காது. 64 பங்கு இரும்பு, 36 பங்கு நிக்கல், அவ்வளவுதான் சரக்கு. பாரிஸ் அருகே செவ்ரில் அளவைகள் நிலையத்தில் இருந்த ஷார்ல் கியோம் 1896-இல் கண்டுபிடித்தார். 1920-இல் நோபல் பரிசு வாங்கினார்.

காரணம் காந்தத்தில் இருக்கிறது. இன்வாரில் அணுக்களின் குட்டிக் காந்தங்கள் ஒரே திசை பார்த்து நிற்கும்போது, அணுக்களுக்கு இடையே கொஞ்சம் கூடுதல் இடைவெளி இருக்கும். அதாவது காந்தத்தன்மையே உலோகத்தை லேசாக உப்ப வைத்திருக்கிறது. சூடு ஏற ஏற அந்த வரிசை குலையும், உப்பல் வடியும். அதே சூட்டில் அணுக்களின் அதிர்வு கூடி, உலோகம் விரியப் பார்க்கும். வடிவதும் விரிவதும் ஏறக்குறைய சரிக்குச் சரியாகிவிடுகிறது. வெறும் இரும்புக்கு ஏன் இது நடப்பதில்லை? இரும்பின் காந்தம் போவது 770 டிகிரியில். அறைச் சூட்டில் அதன் வரிசை அசைவதே இல்லை எனலாம். அதன் உப்பலும் சொற்பம்.

இதைக் கண்ணால் பார்க்கலாம். எங்கள் பட்டறையில் மிஞ்சிய இன்வார் துண்டு ஒன்றை மெல்லிய செம்புக் கம்பியில் தொங்கவிட்டு, பக்கத்தில் காந்தத்தை வைத்தேன். துண்டு சாய்ந்து காந்தத்தை நோக்கி நின்றது. கேஸ் டார்ச்சில் சூடாக்கினேன். நிறம் நீலத்துக்கு மாறும் நேரம், இழுவை விட்டுப்போய் நேராகத் தொங்கியது. சிவக்கக்கூட இல்லை! ஆறியதும் மெதுவாகத் திரும்பவும் சாய்ந்தது. நான்கைந்து தடவை செய்து பார்த்தேன், அலுக்கவே இல்லை.

சரி, உங்கள் உலைக்கு வருவோம். இன்வாரின் காந்தம் 230 முதல் 280 டிகிரிக்குள் போய்விடும். அதற்கு மேல் வடிய உப்பல் மிச்சமில்லை, சாதாரண உலோகம் போலவே விரியும். 150 டிகிரிக்குள் என்றால் தாராளமாகப் போடுங்கள். 400 டிகிரி என்றால், அந்தச் சூட்டிலும் அதிகம் விரியாத உருக்கிய குவார்ட்ஸ் (கண்ணாடி போன்றது) கம்பி போடுங்கள்.