நைட் ஷிப்டில் உடம்பு கெடுகிறது, வேலையிலும் அர்த்தம் இல்லை. விட்டுவிட்டு வேறு துறைக்குப் போகலாமா?

31 வயது, ஆறு வருடமாக அமெரிக்கக் கம்பெனிகளுக்கான வேலையில் (ப்ராசஸில்) நைட் ஷிப்ட், 14 கிலோ ஏறிவிட்டது, பேப்பர் போட்டுவிட்டு, அதாவது ராஜினாமா செய்துவிட்டு, பிடித்த துறைக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் ஒரு குழந்தையும் ஒரு இஎம்ஐயும் இருக்கும் என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். இல்லையென்றால் உங்களுக்கு இன்னும் சுலபம்.

இப்போதைக்குப் பேப்பர் போடாதீர்கள். முதலில் ராத்திரியில் தூங்க வழி பண்ணுங்கள். ஆறு மாதம் ராத்திரியில் தூங்கிய பிறகும் அந்தத் துறை பிடிக்கவில்லை என்றால் தாராளமாக விடுங்கள். தூக்கம் கெட்டவர்களுக்கு எந்த வேலையிலும் அர்த்தம் தெரியாது. 'மனசுக்குப் பிடித்ததைச் செய்யுங்கள், பணம் தானாக வரும்' என்று சிலர் உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அதைப் படித்ததும் கோபம் வந்தது, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். எனக்கு மெடிக்கல் பில்லிங்கே வெறுத்துப்போய்விட்டது என்று ஒன்பது வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். வெறுத்தது விடிகாலை மூன்று மணியை என்று பிறகுதான் தெரிந்தது.

2013இல் சென்னை துரைப்பாக்கத்தில், மெடிக்கல் பில்லிங்கில் ஏஆர் காலராகச் சேர்ந்தேன். அமெரிக்க ஆஸ்பத்திரி அனுப்பிய பில்லுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தராமல் நிறுத்திவிட்டால், அங்கே போன் போட்டு ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்கிற வேலை. நியூயார்க்கில் காலை எட்டு மணி என்றால் நமக்கு மாலை ஐந்தரை. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைப் பின்னால் தள்ளிவைத்தால் அது ஆறரை ஆகிவிடும், மார்ச்சில் மறுபடி ஐந்தரை. அவர்கள் ஊர் வெயிலுக்கு ஏற்றபடி என் சாப்பாட்டு நேரம் வருடத்துக்கு இரண்டு முறை மாறும்.

கேப் என்னை மேடவாக்கத்தில் இறக்கிவிடும்போது நாலு மணி. படுத்தாலும் தூக்கம் வராது. ஐந்தரைக்கு எழுந்து குக்கர் வைப்பேன், வீட்டுக்காரர் ஏழு மணிக்குக் கிளம்புவார், மகளுக்கு 7.40க்கு வேன். ஒன்பது மணிக்குக் கண்ணை மூடினால் பதினொன்றுக்கு சிலிண்டர்காரர் பெல் அடிப்பார், இல்லையென்றால் கூரியர். ஒரு மணிக்கு எழுந்தே ஆக வேண்டும். நாள் ஒன்றுக்கு நாலு மணி நேரத் தூக்கம், அதுவும் இரண்டு துண்டாக. ஆண்கள் நைட் ஷிப்ட் முடித்து வந்தால் வீடே சத்தம் போடாமல் இருக்கும். நாங்கள் வந்தால் அடுப்பு காத்திருக்கும். ஒரு வளைகாப்பில் வைத்து, பகல் பன்னிரண்டு மணி வரைக்கும் தூங்குகிற மருமகள் என்று ஒரு உறவுக்காரம்மா என் காதுபடச் சொன்னார். இன்னும் மறக்கவில்லை.

2022 ஜூனில் செருப்பு வார் உராய்ந்து கால் கட்டைவிரலில் ஒரு சின்னப் புண் வந்தது. மூன்று வாரமாகியும் காயவில்லை. வழக்கமாகப் போகிற டாக்டர் பார்த்துவிட்டு ரத்தம் எடுக்கச் சொன்னார். வெறும் வயிற்றில் சர்க்கரை 171, மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டுகிற எச்பிஏ1சி 8.3. வெறும் வயிற்றில் 126ஓ அதற்கு மேலோ, எச்பிஏ1சி 6.5ஓ அதற்கு மேலோ என்றாலே நீரிழிவுதான். எனக்கு 34 வயது. என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பார் என எதிர்பார்த்து, வெண்டிங் மெஷின் டீயையும் ராத்திரி ஒரு மணி பிரெட் ஆம்லெட்டையும் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி, “எத்தனை மணிக்கும்மா தூங்குறீங்க?” ஒன்பது வருடத்தில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. அங்கேயே அழுதுவிட்டேன்.

நைட் ஷிப்டால் மட்டும்தான் சர்க்கரை வந்தது என்று நான் சொல்லவில்லை. அப்பாவுக்கு இருக்கிறது. 2023இல் வெளிவந்த ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வுப்படி நாட்டில் பத்துக் கோடிப் பேருக்கு மேல் இருக்கிறது, அத்தனை பேரும் நைட் ஷிப்டா என்று யாராவது கேட்கத்தான் செய்வார்கள். நர்ஸ் இல்லையா, போலீஸ் இல்லையா என்றும் கேட்பார்கள். அவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன், ஆனால் அவர்கள் உடம்பும் இதே உடம்புதான். உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது, அது எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்த மூன்று பேருக்கு 2017இல் நோபல் பரிசே கொடுத்தார்கள். ஒரே சாப்பாட்டைப் பகலில் சாப்பிடுவதைவிட ராத்திரியில் சாப்பிட்டால் சர்க்கரை அதிகம் ஏறும், அந்த நேரத்தில் இன்சுலின் பகலைப் போல நன்றாக வேலை செய்யாது. ராத்திரி ஷிப்ட் வேலை அநேகமாகப் புற்றுநோய் வரவழைக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2007இலேயே வகைப்படுத்தியது, 2019இல் மறுபடி அதையே உறுதிசெய்தது. நைட் அலவன்ஸ் கொடுக்கும்போது யாரும் இதைச் சொல்வதில்லை.

பகல் ஷிப்ட் கேட்டேன். வாய்ஸில், அதாவது போன் பேசுகிற வேலையில், முடியாது என்றார்கள். அதே கட்டடத்தில், வந்த பணத்தைக் கணக்கில் பதிகிற பேமென்ட் போஸ்டிங்கில் ஒரு இடம் காலியாக இருந்தது, காலை ஒன்பது முதல் ஆறு. 39,000 வாங்கிக்கொண்டிருந்தவளுக்கு 27,000 என்றார்கள். வீட்டில் ஒரு வாரம் சண்டை. மகளின் டான்ஸ் கிளாஸை நிறுத்தினோம், இஎம்ஐயை நீட்டிக்கொண்டோம். போய்விட்டேன்.

மூன்று வாரம் ராத்திரி இரண்டு மணி வரை கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தேன். நாலாவது வாரம் ஒருநாள் பத்தரைக்குப் படுத்தவள், அலாரம் இல்லாமல் ஐந்தரைக்கு விழித்தேன். மகள் என் வயிற்றின் மேல் காலைப் போட்டுக்கொண்டு வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்போது ஆறு வயது. விடிகிற நேரத்தில் அவள் எப்படித் தூங்குவாள் என்பதே எனக்கு அதுவரை தெரியாது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆகணும். தினமும் நடங்கள் என்று எல்லா டாக்டரும் சொல்கிறார்கள். எங்கே நடப்பது? எங்கள் பக்கம் ரோட்டில் பாதியை மெட்ரோ வேலைக்கு அடைத்திருக்கிறார்கள். அது ஊருக்கு நல்லது, பொறுத்துக்கொள்ளலாம். மிச்சம் இருக்கிற நடைபாதையில் டிரான்ஸ்பார்மர், அதன் பக்கத்தில் ஜல்லிக் குவியல், அதையும் தாண்டினால் பைக்குகள். ராத்திரி சாப்பிட்டுவிட்டு எட்டரைக்கு ஒரு பெண் அங்கே நடந்தால் ஒரு கண் நாயின் மேல், ஒரு கண் பின்னால் வருகிற வண்டியின் மேல். ஆயிரக்கணக்கில் சொத்து வரி கட்டுகிறோம், ஒரு ஆள் நடக்க மூன்றடி இடம் கேட்பது பேராசையா? நான் மொட்டை மாடியில் நடக்கிறேன். தண்ணீர் டேங்கிலிருந்து துணிக்கொடி வரை நாற்பது அடி, சாப்பிட்டதும் பதினைந்து நிமிடம். அரிசியைப் பாதியாக்கி, சுண்டலும் காயும் கூட்டினேன். பத்து மாதத்தில் எச்பிஏ1சி 6.4. மாத்திரையை நிறுத்தவில்லை, நிறுத்தச் சொல்லவும் இல்லை, அதை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

சரி, துறை மாறுவதற்கு வருகிறேன். ஒன்பது வருடமும் நான் மாலையில் கார்டு ஸ்வைப் பண்ணி உள்ளே போகும்போது, டிபன் பையோடு எதிரே வெளியே வருவார்கள் மெடிக்கல் கோடிங் ஆட்கள். டாக்டர் எழுதிய குறிப்பைப் படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய கோடு போடுகிறவர்கள். நான் பிஎஸ்சி விலங்கியல், எனக்கு அது எட்டாத வேலையே இல்லை. ஆனால் ஒருநாள்கூட எனக்கு அது தோன்றியதில்லை. தூங்க ஆரம்பித்து ஐந்தாவது மாதம்தான் தோன்றியது. கோடிங் சான்றிதழுக்கான சிபிசி பரீட்சைக்குப் படித்தேன். 100 கேள்வி, நாலு மணி நேரம், 70 சதவீதம் எடுத்தால் பாஸ், கோடு புத்தகங்களை வைத்துக்கொண்டே எழுதலாம். முதல் தடவை 64இல் நின்றது. இரண்டாவது தடவை, 2023 கடைசியில், தேறினேன். கோடிங் அனுபவம் இல்லையென்றால் சான்றிதழோடு அப்ரென்டிஸ் (பயிலுநர்) என்று ஒரு வால் ஒட்டிக்கொண்டிருக்கும், சம்பளமும் அதற்கேற்ற மாதிரிதான். பழைய 39,000ஐ இந்த வருடம்தான் தாண்டினேன்.

கோடிங்கில் சேர்ந்த இரண்டாவது மாதம் ஒரு சார்ட், அதாவது ஒரு நோயாளியின் மருத்துவக் குறிப்பு, வந்தது. டைப் 2 நீரிழிவு, கால் புண். வெறும் நீரிழிவு என்று இ11.9 போட்டுத் தள்ளிவிட்டால் அந்தப் புண்ணுக்குப் பார்த்த வைத்தியத்துக்கு இன்சூரன்ஸ்காரன் ஏன் என்று கேட்பான், பில் நிற்கும், கடைசியில் அது நோயாளியின் தலையில்கூட விழலாம். நீரிழிவோடு கால் புண் என்கிற இ11.621 போட்டு, கூடவே புண்ணுக்கான எல்97 வரிசையில் எந்தக் கால், எந்த இடம், எவ்வளவு ஆழம் என்பதையும் சொல்ல வேண்டும். டாக்டர் குறிப்பில் எந்தக் கால் என்பது மூன்றாவது பக்கத்தில் ஒரே இடத்தில் இருந்தது, வலது கால். நான் மேஜைக்கு அடியில் என் கட்டைவிரலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். இந்த மாதிரி சார்ட்டை யாரோ அவசரத்தில் தப்பாகப் போட்டதால் நின்றுபோன பணத்துக்காகத்தான் நான் ஒன்பது வருடம் ராத்திரியில் போன் பண்ணியிருக்கிறேன். அதே துறை, அதே கட்டடம். அன்றைக்கு நான் முடித்த சார்ட் எதுவும் தணிக்கையில் திரும்பி வரவில்லை.

அதனால் உங்கள் கம்பெனியில் காலையில் வருகிற டீம் எது, அங்கே இடம் இருக்கிறதா என்று நாளைக்கே கேளுங்கள். சம்பளம் எவ்வளவு குறையும் என்று வீட்டில் பேப்பரில் எழுதி உட்கார்ந்து பேசுங்கள். அதற்கும் முன்னால், இந்த வாரமே வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துவிடுங்கள், எச்பிஏ1சியும் சேர்த்துக் கேளுங்கள். ஷிப்ட் முடிந்து கேபில் வரும்போதே சாப்பிடாமல் வந்து, லேப் திறந்ததும் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுங்கள். எட்டு மணி நேரம் எதுவும் சாப்பிட்டிருக்கக் கூடாது, ராத்திரி மெஷின் டீயும் கணக்கில் வரும்.