கண்ணுக்குள் லென்ஸ் வைத்த முதல் டாக்டர்

கேள்வி: அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தாத்தா காலத்தில் ஆபரேஷனுக்கு அப்புறம் சோடாபுட்டிக் கண்ணாடிதான் போட்டார்கள். உள்ளேயே லென்ஸ் வைக்கலாம் என்று முதலில் யோசித்தவர் யார்?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: ஹரோல்ட் ரிட்லி. 1906-இல் பிறந்தவர், லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் கண் அறுவை நிபுணர். இரண்டாம் உலகப் போரில் காயம்பட்டு வந்த விமானிகளின் கண்களை அவர் பரிசோதித்தார். அவர்களில் ஒருவர் கார்டன் கிளீவர். 1940-இல் இவருடைய ஹரிகேன் விமானத்தின் மேல்மூடியைக் குண்டு துளைத்து, பெர்ஸ்பெக்ஸ் பிளாஸ்டிக் சில்லுகள் கண்ணில் பாய்ந்துவிட்டன. சின்னத் துரும்பு விழுந்தாலே கண் சிவந்து வீங்கிவிடும், ஆனால் இந்தச் சில்லுகள் உள்ளேயே தங்கியும் கண் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. இது ரிட்லி மனதில் பதிந்துவிட்டது. போருக்குப் பிறகு அவர் புரை எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த மாணவர் ஒருவர், எடுத்த மங்கிய இயற்கை லென்ஸுக்குப் பதிலாக வேறொன்று வைக்க மாட்டீர்களா என்று கேட்டாராம்.

1949 நவம்பர் 29-ஆம் தேதி, அதே வகை பிளாஸ்டிக்கில் ரேய்னர் நிறுவனம் செய்து கொடுத்த லென்ஸை ஒரு பெண்ணின் கண்ணுக்குள் பொருத்திப் பார்த்தார். பவர் கணக்கு தப்பியதால் அந்தப் பெண்ணுக்குக் கடுமையான கிட்டப்பார்வை வந்தது, ஆனாலும் கண் லென்ஸை ஏற்றுக்கொண்டது.

கேள்வி வந்துவிட்டதால் சொல்கிறேன், அதற்கப்புறம் அந்த மனிதர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. 1951-இல் ஆக்ஸ்போர்டில் விஷயத்தை வெளியே சொன்னதும் ஸ்டூவர்ட் டியூக்-எல்டர் போன்ற பெரிய பெரிய டாக்டர்களே எதிர்த்தார்கள். கண்ணில் இருப்பதை வெளியே எடுப்பதுதான் நம் வேலை, வெளியே இருப்பதை உள்ளே வைப்பதா என்பது அவர்கள் வாதம். பயத்தில் நியாயமும் இருந்தது: லென்ஸ் இடம் நழுவியது, சிலருக்குக் கண் அழுத்தம் ஏறியது. ஆனால் குறையைச் சரிசெய்வது வேறு, யோசனையையே குப்பையில் போடுவது வேறு. இரண்டாவதைச் செய்தவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை, ஏனென்றால் அத்தனை வருஷமும் கோடிக்கணக்கானவர்கள், எல்லாவற்றையும் பெரிதாக்கிக் காட்டி ஓரத்தில் ஒன்றும் தெரியவிடாத அந்தக் கனமான கண்ணாடியோடுதான் தடுமாறி நடந்தார்கள். அமெரிக்க அரசு இந்த லென்ஸுக்கு முறைப்படி அனுமதி கொடுத்தது 1981-இல். 1986-இல் பிரிட்டனின் அறிவியல் அமைப்பான ராயல் சொசைட்டி ரிட்லியை உறுப்பினராக்கியது, 'சர்' பட்டம் வந்தது 2000-இல், 93 வயதில். அடுத்த வருஷமே காலமானார். நல்லவேளை, அதற்கு முன் அவருக்கே புரை வந்தபோது, தான் கண்டுபிடித்த லென்ஸை வைத்துக்கொண்டார்.

கேள்வி: இந்த லென்ஸை சில வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டுமா? பக்கத்து வீட்டில் அப்படிச் சொல்கிறார்கள். லென்ஸ் விலை எப்படி எல்லோருக்கும் கட்டுப்படியானது?
– அதே வாசகி

பதில்: வேண்டாம், ஆயுசுக்கும் அதே லென்ஸ்தான். ஆனால் லென்ஸைத் தாங்கும் மெல்லிய உறை சிலருக்குப் பின்னாளில் மங்கும். புரை திரும்பிவிட்டது என்று நினைத்துப் பயப்படுவார்கள். யாக் லேசர் என்று சொல்லி, உட்காரவைத்தே சில நிமிடத்தில் சரிசெய்து அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். விலை பற்றியும் கேட்டிருந்தீர்கள். வெளிநாட்டு லென்ஸை மட்டும் நம்பியிருந்த காலம் போய், 1992-இல் மதுரையில் ஆரோலேப் என்ற நிறுவனம் தொடங்கி இங்கேயே லென்ஸ் செய்ய ஆரம்பித்த பிறகுதான் அது சாதாரண ஜனங்கள் கைக்கு எட்டியது. மருந்துச் சொட்டை மட்டும் டாக்டர் சொன்ன நாள்வரை நிறுத்தாதீர்கள், அம்மா கண்ணைக் கசக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.