தீபாவளிக்கு அளவுக்கு மீறிச் சாப்பிட்டுவிட்டேன். எடை குறைக்கும் நேரத்தில் இந்தக் குற்ற உணர்ச்சியை எப்படிச் சமாளிப்பது?

நீங்கள் எழுதியிருப்பதை நான் புரிந்துகொண்டது இப்படி: கொழும்பில் வேலை. சில மாதமாக எடை குறைத்து வருகிறீர்கள். தீபாவளிக்கு ஹட்டன் பக்கம் வீட்டுக்குப் போய் இரண்டு நாள் கணக்கில்லாமல் சாப்பிட்டாயிற்று. டவுன் பார்மசித் தராசில் ஏறினால் இரண்டு கிலோ கூடக் காட்டுகிறது. உங்கள் மேலேயே உங்களுக்கு வெறுப்பு. நாளைக்குத் தொடங்கும் கந்தசஷ்டியில் ஆறு நாளும் பட்டினி கிடந்து இதைச் சரிக்கட்டலாமா என்று கேட்கிறீர்கள்.

முதலில் அந்த இரண்டு கிலோவைப் பார்ப்போம். உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறக்குறைய 7,700 கலோரி உபரியாக வேண்டும். இரண்டு கிலோவுக்கு 15,000-க்கு மேல். ஒரு நாளைக்கு 2,000 கலோரி போதுமான ஆளுக்கு அது ஒரு வாரத்துச் சாப்பாட்டையும் தாண்டும், அதுவும் வழக்கமாகச் சாப்பிடுவதற்கு மேலே. அத்தை சுட்ட அதிரசம் எவ்வளவு ருசியாக இருந்தாலும் இரண்டு நாளில் அவ்வளவு உள்ளே இறங்காது.

அப்படியென்றால் தராசு காட்டியது என்ன? பெரும்பாலும் தண்ணீர். சோறு, ரொட்டி, பலகாரம் எல்லாவற்றிலும் இருப்பது மாச்சத்து. அதை உடம்பு ஈரலிலும் தசையிலும் கிளைகோஜனாகச் சேர்த்து வைக்கும்போது, ஒவ்வொரு கிராமோடும் சுமார் மூன்று கிராம் தண்ணீரையும் பிடித்துக்கொள்கிறது. எடை குறைக்கிறவர்களிடம் இந்தக் கையிருப்பு ஏற்கெனவே குறைந்திருக்கும், அதனால் ஒரு விருந்திலேயே சட்டென்று நிரம்பிவிடும். ஆட்டுக்கறியிலும் முறுக்கிலும் உள்ள உப்பு இன்னும் கொஞ்சம் தண்ணீரைத் தேக்கும். குடலில் இன்னும் வெளியேறாத சாப்பாட்டுக்கும் எடை உண்டு. மாதவிலக்கு நெருங்கியிருந்தால் அதுவும் சேரும். போதாததற்கு வேறொரு தராசு, மேலே ஸ்வெட்டர், காலில் சப்பாத்து.

தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை. மழை நாளில் கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கென்று சில கிலோவைக் கழித்துவிட்டுத்தான் கணக்கில் எழுதுவார்கள். (நியாயமாகக் கழித்தார்களா என்பது தனிச் சண்டை. என் அம்மா வேலையை விட்டு நிற்கும்வரை அந்தச் சண்டையைப் போட்டார்.) உங்கள் தராசிலும் இப்போது ஏறி நிற்பது நனைந்த கொழுந்துதான். வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினால் சில நாளில், அதிகம் போனால் ஒரு வாரத்தில், பெரும்பகுதி இறங்கிவிடும். கொஞ்சம் கொழுப்பும் சேர்ந்திருக்கலாம், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது சில மாத உழைப்பை அழித்துவிடும் அளவு இல்லை.

எனக்குப் பயம் நீங்கள் போடும் அந்த ஆறு நாள் திட்டத்தைப் பார்த்துத்தான்.

காலையில் வெறும் தேத்தண்ணி. பகலுக்கு ஒன்றுமில்லை. மூன்று மணிக்குத் தலை சுற்றும். சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது கடையில் கொத்து போடும் சத்தம் காதில் விழும். அதற்குப் பிறகு நடப்பதற்கு உங்கள் மன உறுதியைக் குறை சொல்வது அநியாயம், பட்டினி கிடந்த உடம்பு கேட்கத்தான் செய்யும். சாப்பிட்டு முடித்ததும் "விரதமும் கெட்டது, டயட்டும் கெட்டது" என்று பழைய வெறுப்பு இரண்டு மடங்காகத் திரும்பி வரும். அப்புறம் இன்னும் கடுமையான பட்டினி, இன்னும் பெரிய கொத்து.

"முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு" என்பார்களே, அந்த மனநிலையை ஆய்வாகவே செய்து பார்த்திருக்கிறார்கள். 1975-இல் ஹெர்மன், மேக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சிலருக்கு முதலில் மில்க்ஷேக் கொடுத்து, பிறகு ருசி பார்க்கச் சொல்லி ஐஸ்கிரீமை முன்னால் வைத்தார்கள். சாப்பாட்டில் கட்டுப்பாடு பார்க்காதவர்கள் மில்க்ஷேக் குடித்த பிறகு ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். எப்போதும் கட்டுப்பாட்டோடு இருப்பவர்கள்தான் மில்க்ஷேக்குக்குப் பிறகு கூடுதலாகச் சாப்பிட்டார்கள். 2007-இல் ஆடம்ஸ், லியரி என்ற இருவர் வேறு விதமாகப் பார்த்தார்கள். டோனட் சாப்பிட வைத்த பெண்களில் ஒரு பகுதியினரிடம் மட்டும், எல்லோரும் எப்போதாவது இப்படிச் சாப்பிடுவதுதான், உங்களை நீங்களே கடிந்துகொள்ள வேண்டாம் என்று சொன்னார்கள். சாப்பாட்டில் கட்டுப்பாடு பார்க்கிற பெண்களில், அந்த வார்த்தையைக் கேட்டவர்கள் பிறகு வைத்த இனிப்பைக் கேட்காதவர்களைவிடக் குறைவாகத்தான் தின்றார்கள். ஆகவே தன்னைத் திட்டிக்கொண்டால்தான் வழிக்கு வருவேன் என்று நினைக்காதீர்கள்.

சஷ்டி விரதத்தை முருகனுக்காகப் பிடிப்பதென்றால் தாராளமாகப் பிடியுங்கள். சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பவராக இருந்தால் மட்டும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஆனால் உள்ளே ஓடுவது அதிரசக் கணக்கு என்றால் இந்த முறை விட்டுவிடலாம். கதிர்காமத்தார் கோபித்துக்கொள்ள மாட்டார்.

உங்கள் கேள்வியில் ஒரு வரி என்னை நிறுத்தியது. "வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை, சாப்பிட்டுவிட்டு நிம்மதியாக இருக்கவும் முடியவில்லை." மலைநாட்டு வீடுகளில் இது இரண்டு பக்கமும் வெட்டும். வாசலில் கால் வைத்ததும் அத்தை "என்னடி இளைச்சுப் போயிட்ட" என்று தட்டை நிரப்புவார். தட்டு காலியானதும் அதே அத்தை "கொஞ்சம் சதை போட்டிருக்க போல" என்பார். தேத்தண்ணிக்குச் சீனி வேண்டாம் என்றால் போதும், சீனி வருத்தம் என்று சாயங்காலத்துக்குள் லயம் முழுக்கத் தெரிந்துவிடும்.

அவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. 1973, 74-இல் தோட்டங்களில் அரிசியும் மாவும் கிடைக்காமல் பட்டினியில் ஆட்கள் செத்தார்கள். என் அப்பாயி அந்தக் காலத்தைத் தாண்டி வந்தவர், கடைசிவரை தட்டில் ஒரு பருக்கை மிஞ்ச விட்டதில்லை. 2022-இல் கோதுமை மா விலை ஏறியபோது ரொட்டியை எண்ணித் தட்டிய வீடுகள் எத்தனையோ. அப்படிப்பட்ட ஒரு வீட்டில் ஒருத்தர் சாப்பாட்டைத் தள்ளி வைத்தால், அது உடம்பைப் பார்க்கிறதாக அவர்களுக்குத் தெரியாது. திமிராகத்தான் தெரியும். அதோடு, நாள் முழுக்கக் கூடையோடு மலை ஏறி இறங்கிய அம்மாவுக்கு அந்தத் தடித்த தேங்காய் ரொட்டி சரியாக இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிற நமக்குக் கூடிப் போகிறது. இதில் யார் மேல் குற்றம்?

அதனால் மறுப்பதற்குப் பதிலாக நான் பார்சல் கேட்பேன். "அத்தை, இப்ப வயிறு நிறைஞ்சிருக்கு, கட்டிக் குடுங்க, கொண்டு போய்ச் சாப்பிடுறேன்" என்றால் யார் முகமும் சுண்டாது. சொல்லப்போனால் இரண்டு முறுக்கு கூடவே வரும். போர்டிங்கில் உங்களோடு இருப்பவர்கள் உங்களை வாழ்த்துவார்கள்.

இன்னொன்று. நடந்ததை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். "நான் கேவலமானவள்", "எனக்குக் கட்டுப்பாடே இல்லை" போன்ற தீர்ப்பு எதுவும் வேண்டாம், நடந்தது மட்டும். எந்த நேரம், எங்கே, கடைசியாக எப்போது சாப்பிட்டிருந்தேன். வீட்டில் எப்படியும் நிறையச் சாப்பிடப் போகிறோம் என்று காலையிலிருந்து ஒன்றும் தின்னாமல் கொழும்பிலிருந்து நாலைந்து மணி நேரம் பஸ்ஸில் வருவது நம்மில் பலருக்குப் பழக்கம். குளிரில் இறங்கி, பசியோடு நேராகப் பலகாரத் தட்டின் முன்னால் போய் உட்கார்ந்தால் என்ன நடக்கும்? உங்கள் தாளிலும் அப்படி ஒரு வரி இருந்தால், அடுத்த பயணத்துக்கு முன் இரண்டு முட்டையோ கொஞ்சம் அவித்த கடலையோ சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள்.

நாளைக்கு என்ன செய்வது? காலையில் சாப்பிடுங்கள். ரொட்டி என்றால் வழக்கமாக எடுக்கும் அளவு, பருப்போ முட்டையோ சேர்த்து. பகல் கொஞ்சம் சோறு, நிறைய போஞ்சி, கரட், கீரை. நடப்பவராக இருந்தால் வழக்கமான தூரம் மட்டும் நடங்கள். தண்டனையாகக் கூட்டி நடந்தால் நடை மேலேயே வெறுப்பு வந்துவிடும். தராசில் ஒரு வாரத்துக்கு ஏற வேண்டாம். அதற்குப் பிறகும் வழக்கமான தராசில், காலையில், ஒரே மாதிரி உடுப்போடு. என் இரத்தச் சீனி எல்லையில் நிற்கிறது என்று டாக்டர் சொன்னதிலிருந்து நானும் எடை பார்த்து வருகிறேன். சித்திரைப் புத்தாண்டு, திருவிழா, கல்யாணம் என்று ஒவ்வொன்றுக்கும் எடை ஏறத்தான் செய்கிறது, இறங்கவும் செய்கிறது.

எழுதாமல் விட்டது ஏதும் இருந்தால், இது உங்களுக்கு. யாருக்கும் தெரியாமல் ஒளித்துச் சாப்பிடுவது, நிறுத்த நினைத்தும் கை நிற்காதது, இப்படி வாரம் ஒரு முறையாவது என்று மூன்று மாதமாக நடப்பது, இவை இருந்தால் அது தீபாவளி சமாச்சாரம் இல்லை. அதற்குப் பெயரும் சிகிச்சையும் உள்ள ஒரு நோயாக இருக்கலாம். சாப்பிட்டதை வேண்டுமென்றே வாந்தி எடுப்பதும் பேதி மாத்திரை போடுவதும் ஒரு முறை நடந்திருந்தாலும் டாக்டரிடம் மறைக்காதீர்கள். நேரில் போகக் கூச்சமாக இருந்தால் தேசிய மனநல உதவி எண் 1926-க்கு அழைத்துப் பேசலாம்.

மற்றபடி, பார்சலில் மிஞ்சிய பலகாரத்தைக் கோபத்தில் குப்பையில் கொட்ட வேண்டாம், அதற்கும் பிறகு வருத்தப்படுவீர்கள். பங்கு வைத்ததுபோக மிச்சத்தை டின்னில் போட்டு மூடி வையுங்கள். சாயங்காலம் தேத்தண்ணிக்கு இரண்டை ஒரு தட்டில் எடுத்து வைத்து, போனைத் தள்ளி வைத்துவிட்டுச் சாப்பிடுங்கள். டின்னையே மடியில் வைத்துக்கொள்ளாமல் இருந்தால் போதும்.